ஹெரால்ட் நாட்குறிப்பு: கத்திரி வெயிலிலிருந்து ஆற்றுத் தண்ணீர் வரை

2025 மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலை ஆறு மணிக்குக் கொட்டகைக்குள் போய் ஒன்பதுக்குள் வெளியே வந்துவிட வேண்டும், அதற்கு மேல் தகரக் கூரை மனிதனை அவித்துவிடும்.

மாமாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் 1966 மாடல், இரண்டு கதவு. மாமா என்றால் அம்மாவின் தம்பி, அப்புறம் என் மாமனார். அவர் போன பிறகு வண்டி என் பொறுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓட விடுவேன், அவ்வளவுதான். இன்று ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி அரை விரல் நிற்கிறது. போன மாதம் கோட்டுக்குக் கீழே இருந்தது. நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்ணியாக ஓடுகிறது. மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல்.

இனி ஸ்டார்ட் செய்யக் கூடாது. பெட்ரோல் கலந்த ஆயிலில் பேரிங் நிற்காது, ஆயில் தேங்கி நிற்கும் அடித்தொட்டியான சேம்பருக்குள் பெட்ரோல் ஆவி வேறு.

மே 5, திங்கள்

பாய்க்குப் போன் செய்தேன். கும்பகோணத்தில் பட்டறை வைத்திருந்தவர், இப்போது வயது எழுபத்தேழு, முட்டி மடங்காது. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "ஏசி பம்ப்பு சார்" என்றார்.

பக்கத்து வீட்டுத் தம்பி பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், எனக்குக் கையாள். "சார், இந்த வண்டியில ஏசியே இல்லையே?" என்று கேட்டான். ஏசி என்பது பம்ப் செய்த கம்பெனியின் பெயர் என்று விளக்க வேண்டியிருந்தது. இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் அந்த பம்ப்பைக் கேம் ஷாஃப்ட் தள்ளித் தள்ளி இயக்கும். உள்ளே ரப்பர் பூசிய துணியில் ஒரு டயஃப்ரம். அது கிழிந்தால், கார்புரேட்டருக்குப் போக வேண்டிய பெட்ரோல் கீழே சேம்பருக்குள் இறங்கும்.

மே 8, வியாழன்

பம்ப்பைக் கழற்றினோம். ஹெரால்டில் இது சுகமான வேலை. பானட் மட்டுமல்ல, இரண்டு மட்கார்டும் சேர்ந்த மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற மாதிரி, இன்ஜின் வேலை பார்க்கலாம். இந்த வண்டியை வரைந்தவர் மிக்கலொட்டி என்ற இத்தாலியர். அவருக்கு மெக்கானிக்குகளின் இடுப்பைப் பற்றி அக்கறை இருந்ததோ என்னவோ.

பிரிப்பதற்கு முன் மேல் பாதி, கீழ் பாதி இரண்டிலும் சேர்த்து அரத்தால் ஒரு கீறல் போட்டுக்கொண்டேன், திரும்ப மாட்டும்போது திசை மாறாமல் இருக்க. ஆறு ஸ்க்ரூ. டயஃப்ரத்தை அமுக்கிக் கால் சுற்றுச் சுற்றினால் கொக்கியிலிருந்து கழன்றுவிடும். ஓரத்தில் நகக்கண் அளவுக் கிழிசல். ரப்பர் விரலில் கறுப்பாக ஒட்டியது.

இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், டேங்கில் பல வருஷமாகப் படிந்த பிசினையும் கரைத்துக் கொண்டுவந்து கார்புரேட்டரில் கொட்டும். ஆனாலும் பழி முழுவதையும் எத்தனால் தலையில் போட மாட்டேன். இந்த டயஃப்ரம் மாற்றி இருபது வருஷம் இருக்கும்.

மே 11, ஞாயிறு

சென்னையில் இருக்கும் என் தம்பி மகனை உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்கு அனுப்பினேன். டயஃப்ரமும் பெட்ரோல் ஹோஸும் கிடைத்தன, எத்தனால் தாங்கும் வகை. பஸ் பார்சலில் வருகிறது.

மே 15, வியாழன்

பம்ப் மாட்டியாயிற்று. பழைய ஆயிலை இறக்கினேன். நாலு லிட்டர் இருக்க வேண்டிய சேம்பரிலிருந்து ஐந்துக்கு மேல் வந்தது. புது ஆயில், புது ஃபில்டர்.

மே 18, ஞாயிறு

டேப்பட், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், கணக்கு இருப்பதால்.

நாலு சிலிண்டர், எட்டு வால்வு. ஒரு வால்வுக்கு இடைவெளி வைக்க வேண்டுமென்றால் அது முழுக்க மூடியிருக்க வேண்டும். மூடியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம், முழுக்கத் திறந்ததைப் பார்ப்பது சுலபம். இதற்கு ஒன்பதின் கணக்கு என்று ஒன்று உண்டு. எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவதை வை. ஆறு திறந்தால் மூன்று. நாலு திறந்தால் ஐந்து. எதை எடுத்தாலும் கூட்டினால் ஒன்பது. இன்ஜின் 1-3-4-2 என்ற வரிசையில் எரிவதாலும் வால்வுகள் கண்ணாடிப் பிம்பம் போல அமைந்திருப்பதாலும் இது பலிக்கிறது. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியிருக்கிறேன், இப்படி ஓர் அழகான உதாரணம் அப்போது தெரியாமல் போயிற்று.

பிளக்குகளைக் கழற்றி, நாலாவது கியரில் போட்டு, தம்பியைத் தள்ளச் சொன்னேன். அவன் ஒரு சாண் தள்ளுவான், நான் "நில்லு" என்பேன். ஃபீலர் கேஜ் பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று ஒரு தௌ), அதாவது கால் மில்லிமீட்டர், இன்ஜின் ஆறியிருக்கும்போது. முடிக்க ஒன்றரை மணி நேரம். பிறகு பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டெல்கோவில் பாயிண்ட் பதினைந்து தௌ, பிளக் இருபத்தைந்து தௌ.

ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. 948 சிசி இன்ஜின், சத்தம் தையல் மிஷின் போல.

மே 19, திங்கள்

தெருவுக்குள் ஒரு சுற்று. ஹெரால்டின் பெருமையே திருப்பம்தான். இருபத்தைந்து அடி அகலம் இருந்தால் போதும், பின்னால் எடுக்காமலே திரும்பிவிடும், ஆட்டோக்காரர் பார்த்துப் பொறாமைப்படுவார். ஆனால் இன்று முழுக்க ஒடித்தபோது ஸ்டீயரிங் கனத்தது, வலது சக்கரத்தில் 'கிரீச்' என்றது. திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

மே 25, ஞாயிறு

ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே தலை கொடுக்க மாட்டேன். வண்டியின் இரும்புச் சட்டத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் ஸ்டாண்டு, போதாததற்குப் பழைய உத்தரக் கட்டை. சக்கரத்தைக் கழற்றினேன்.

இந்த வண்டியில் முன்சக்கரம் திரும்புவதே ஒரு மரையில்தான். நெட்டாக நிற்கும் இரும்புத் தண்டின் அடிப்பாகம் மரை. அது ட்ரனியன் என்கிற பித்தளைக் கட்டைக்குள் முறுக்கி நிற்கும். ஸ்டீயரிங்கை ஒடித்தால் தண்டு மரையோடு மரையாகச் சுழலும். ஒரு பக்கத்துக்கு நேர் மரை, மறுபக்கத்துக்கு எதிர் மரை. வண்டியோடு வந்த கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது: இங்கே கிரீஸ் கூடாது, 90 கியர் ஆயில்தான், அதுவும் ஆறாயிரம் மைலுக்கு ஒருமுறை. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. மேலே தண்ணீர் தேங்கித் தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் வண்டியை ஒடித்து நிறுத்தும்போது தண்டு முறிந்து சக்கரம் மல்லாந்துவிடும்.

கழற்றிப் பார்த்தால் மேலே கிரீஸ், மெழுகு மாதிரி கெட்டி. அடியில் காய்ந்த செம்மண் நிறத்தில் துரு.

மே 26, திங்கள்

தண்டுகள் இரண்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினேன். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையில் கோடு காட்டும். இடது தண்டில் ஒன்றும் இல்லை. வலதில், மரை ஆரம்பிக்கும் இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு கோடு.

மாமா இந்த வண்டியில்தான் என் மகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார்.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது என்கிறார்கள், வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை.

நாச்சியார்கோவில் போனேன். குத்துவிளக்கு வார்க்கும் பத்தரிடம் ட்ரனியனைக் காட்டி, இதே மாதிரி பித்தளையில் ஒன்று வார்த்துக் கடைந்து தர முடியுமா என்று கேட்டேன். எனக்கே உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செஞ்சு தந்துடுவேன் ஐயா. விளக்கு ஒரே இடத்துல நிக்கிற சாமான், நம்ம கலவை அதுக்குச் சரி. இது ஆளைத் தூக்கிட்டு ஓடுது. வேணாம்." சரியான பதில். வெறும் கையோடு அனுப்பக் கூடாதென்று ஆக்ஸிலரேட்டர் கம்பிக்கு ஒரு சின்ன புஷ் வளையம் கடைந்து கொடுத்தார், விளக்குத் தண்டு போலப் பளபளவென்று.

நல்லவேளை, இங்கிலாந்தில் இதே ட்ரனியன் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காருக்கும் வரும், லோட்டஸ் ஈலான் காருக்குக்கூட இதே அமைப்பைத்தான் வைத்தார்கள். அதனால் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மருமகன் லண்டனிலிருந்து ஜூன் முதல் வாரம் வருகிறார். இரண்டு ட்ரனியன், ஒரு தண்டு. பெட்டியில் இடமில்லை என்று மகள் முணுமுணுத்தாள்.

ஜூன் 1, ஞாயிறு

மாமாவின் கணக்கு நோட்டைத் தேடி எடுத்தேன். வண்டிக்கென்று தனி நோட்டு, எழுத்து முத்து மாதிரி. 1967இலிருந்து வருஷம் தவறாமல் "முன்சக்கரம், 90 ஆயில்" என்று ஒரு வரி. 1983 பங்குனியில் அது "முன்சக்கரம், கிரீஸ்" என்று மாறுகிறது. அதற்குப் பிறகு கடைசிவரை கிரீஸ்தான்.

83இல்தான் வண்டி பாயின் பட்டறைக்குப் போக ஆரம்பித்தது.

ஜூன் 2, திங்கள்

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். பாய் ஆட்டோவில் வந்து கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரிசல் விழுந்த தண்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான்தான் சார் வச்சேன்."

"கையேட்டுல ஆயில்னு போட்டிருக்கே பாய்?"

"தெரியும் சார். ஆயில் போட்டா அடியில ஒழுகும். வாசல்ல கறை. பெரியவர் வந்து, வீட்டுல சத்தம் தாங்கல, ஒழுகாம ஏதாச்சும் பண்ணுப்பான்னாரு."

உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த என் மனைவி அப்படியே நின்றாள். "ஏங்க, அம்மாதான் கத்துவாங்க. தினம் காலையில கோலம் போட வந்தா எண்ணெய்க் கறை. மாக்கோலம் அதுல ஒட்டவே ஒட்டாது. ஒருநாள் வெளக்குமாத்த வண்டி மேலயே எறிஞ்சாங்க."

பாய் சிரித்துவிட்டார். நானும். தண்டு மட்டும் அவர் மடியிலேயே இருந்தது, போகும்போதுதான் கொடுத்தார்.

ஜூன் 8, ஞாயிறு

சாமான் வந்துவிட்டது. வலதுபக்கப் பழைய போல்ட் உள்குழாயோடு துருவேறிப் பிணைந்துவிட்டது. எண்ணெய் ஊற்றி, சூடுகாட்டி, அடித்து, கடைசியில் ரம்பத்தால் அறுத்து எடுத்தோம். முழுக்காலையும் அந்த ஒரு போல்ட் தின்றது. தம்பி இரண்டு பிளேடு உடைத்தான்.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். சுவாமிமலைக்குப் போகிற கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் நிறைந்து வழிகிறது. வேலை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு பக்கமும் மாட்டியாயிற்று. மரையை அடிவரை முறுக்கிவிட்டுக் கொஞ்சம் திருப்பி எடுக்க வேண்டும், இறுக்கினால் ஸ்டீயரிங் பிடிக்கும். பாய் நாற்காலியில் இருந்தபடியே "இன்னும் அரைச் சுத்து" என்று தம்பியை ஏவினார். ஆயில் கன்னை மட்டும் அவரே வாங்கிக்கொண்டார். நாற்காலியைச் சக்கரத்துக்கு அருகே இழுத்துப் போட்டு, மேல் ஓரத்தில் ஆயில் பிதுங்கும்வரை அமுக்கினார், முதலில் வலது, பிறகு இடது.

கல்லணை இன்று திறந்தார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

நாச்சியார்கோவில் வரை போய் வந்தோம், நான், மனைவி, முன்னால் பாய். ஸ்டீயரிங் ஒரு விரலில் திரும்புகிறது. அரசலாற்றில் புதுத் தண்ணீர், நுரையும் சருகுமாக. வயலில் குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருக்கிறார்கள். பத்தர் கடை வாசலில் முழுக்க ஒடித்து ஒரே திருப்பில் திருப்பினேன். பாய் தலையை வெளியே நீட்டி வலது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 23, திங்கள்

ராத்திரி வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டேன். காலையில் வலது முன்சக்கரத்துக்கு அடியில் எட்டணா அளவுக்கு எண்ணெய்க் கறை.

கோலம் இரண்டடி தள்ளிப் போட்டிருந்தது.