அட்டையில் விழுந்த பூஜ்ஜியம்

சர்க்கரை நோயால் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் வண்டி ஓட்டாமல் இருப்பது எப்படி என்று அதன் பிறகுதான் தெரிந்தது. மினிபஸ் டாக்ஸியில் நான் ஏறி உட்காருவதற்குள் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். மகனிடம் சொன்னால் கூட்டிப் போவான், மறுக்கவே மாட்டான். ஆனால் ஒவ்வொரு தடவையும் வாய் திறந்து கேட்க வேண்டுமே. முதலில் கல்யாணங்களை விட்டேன், பிறகு கோவிலை. அப்புறம் மீன் வாங்கப் போவதும் நின்றது. ஏழு மாதம் வாசல் நாற்காலிதான் எனக்கு டர்பன்.

பொய்க்கால் மாட்டி நடக்கப் பழகியது சுலபமாகவே முடிந்தது. ஆனால் பெடலில் அதை நம்ப முடியாது. மேலே இருக்கிறதா, பக்கத்தில் நழுவிவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் ஆட்டோமேட்டிக் வண்டியில் ஹேண்ட் கன்ட்ரோல் என்று முடிவு செய்தேன். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கம்பி இருக்கும். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். இன்னொரு கைக்கு ஸ்டியரிங்மேல் ஒரு குமிழ். ஆக்சிலரேட்டரை இடது காலுக்கு மாற்றும் வழியும் இருக்கிறது. நாற்பது வருடப் பழக்கம், அவசரத்தில் எந்தக் கால் எங்கே பாயுமோ என்று பயந்து அதைத் தொடவில்லை.

லைசன்ஸ் அலுவலகத்துக்கு முதல் நாள் போனதை நினைத்தால் இன்னும் எரிகிறது. இரண்டரை மணி நேரம் வரிசை. நின்றால் வெட்டிய இடம் வீங்கிப் பொய்க்கால் இறுகும், உட்கார்ந்தால் வரிசை போய்விடும். கடைசியில் ஜன்னலில் இருந்த பெண் என் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது இன்னும் மூன்று வருடம் செல்லுமே, எதற்கு வந்தீர்கள்?" என்றார். காலைக் காட்டினேன். உள்ளே போய் யாரையோ கேட்டு வந்தார். டாக்டர் கடிதம் போதாது, அவர்களுடைய மருத்துவப் படிவத்திலேயே டாக்டர் எழுதித் தர வேண்டுமாம். அதைப் போனில் கேட்டபோதே சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் பயணத்தில் படிவம் சரி, கண் பரிசோதனையும் சரி. "மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். மாற்றியமைத்த வண்டியோடு வாருங்கள்" என்றார்கள். என் வண்டியில் இன்னும் எதுவும் பொருத்தவில்லை. லைசன்ஸ் கிடைக்குமா என்று தெரியாமல் வண்டிக்குச் செலவு செய்ய மனைவி சம்மதிக்கவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றபோதுதான் பாபாவைப் பார்த்தேன். இங்கே வயதில் மூத்த ஜூலு ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். பழைய கொரோலாவிலிருந்து சக்கர நாற்காலியின் சட்டத்தையும் சக்கரங்களையும் ஒவ்வொன்றாக இறக்கி, தானே பூட்டிக்கொண்டிருந்தார். உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றவர், என் காலைப் பார்த்து, "நீயும் கைவண்டியா?" என்றார். கதையைச் சொன்னேன். "சனிக்கிழமை வா, என் வண்டியில் பழகு" என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை.

நான்கு சனிக்கிழமைகள், காலியாகக் கிடந்த ஒரு கார் நிறுத்துமிடம். இன்னும் மூன்று பேர் அங்கே வருவார்கள். ஒருவருக்குப் போலியோ, இரண்டு பேருக்கு முதுகெலும்பு அடி. ஏழு மாதத்தில் என்னிடம் "எப்படி இருக்கிறது உடம்பு" என்று ஆரம்பிக்காமல் பேசியவர்கள் இவர்கள்தான். எந்தக் கடையில் சாய்தளம் செங்குத்து, நிறுத்திய வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கார் கார்டுகளில் யார் நம் இடத்தைக் காத்துக் கொடுப்பார் என்பதுதான் பேச்சு. பெட்ரோல் போட இந்த நாட்டில் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றுதான் உறைத்தது. இறங்கவே வேண்டாம்.

பாபாவின் கொரோலாவிலேயே கே53 தேர்வு, அதாவது இந்த நாட்டு லைசன்ஸுக்கான ஓட்டுநர் தேர்வு, ஓட்டினேன். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருண்டால் அதோடு முடிந்தது. கை வியர்த்துக் குமிழ் வழுக்கியது. உருளவில்லை. தேறிவிட்டேன்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அப்போது நாட்டுக்கே லைசன்ஸ் அட்டை அடிக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். 2025 பிப்ரவரியில் அது பழுதாகி மாதக்கணக்கில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் தற்காலிக லைசன்ஸோடு காத்திருந்தேன். அட்டை வந்தது. வாங்கிப் பையில் போட இருந்தவனைப் பாபா சொன்னது தடுத்தது: "எண்ணைப் பார்க்காமல் ஜன்னலை விட்டு நகராதே." ஓட்டுநருக்கான கட்டுப்பாட்டில் 1 என்றால் கண்ணாடி, 2 என்றால் செயற்கைக் கை, கால். வாகனத்துக்கான கட்டுப்பாட்டில் 1 ஆட்டோமேட்டிக், 3 உடல் ஊனமுற்றவருக்கான வண்டி. என் அட்டையில் ஓட்டுநருக்கு 1 மட்டும், வாகனத்துக்குப் பூஜ்ஜியம். பழைய விவரத்தை அப்படியே அடித்துவிட்டார்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்? மறுபடி படிவம், மறுபடி காத்திருப்பு. இந்தத் தடவை வரிசைக்கு மடக்கு நாற்காலி கொண்டு போனேன். நீங்களும் கொண்டு போங்கள், வெட்கப்படாதீர்கள்.

வண்டியில் ஹேண்ட் கன்ட்ரோல் பொருத்தியதும் இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பொருத்திய கடையின் ரசீதைப் பணம் கட்டுபவர் பெயரிலேயே கேளுங்கள். என் ரசீது மகன் பெயரில் வந்து, மாற்ற இரண்டு தடவை அலைந்தேன். ஊனத்தை உறுதி செய்து டாக்டர் நிரப்பிய ஐடிஆர்-டிடி என்ற வரித்துறைப் படிவம் இருந்தால் வருமான வரியில் இந்தச் செலவைக் காட்டலாம். 65 வயதுக்கு உட்பட்டவருக்கும் தகுதியான செலவில் 33.3 சதவீதம் கட்ட வேண்டிய வரியிலேயே குறையும். படிவத்தை வரிக் கணக்கோடு அனுப்ப வேண்டாம், கேட்டால் காட்டப் பத்திரமாக வையுங்கள்.

தைப்பூசத்துக்கு நானே ஓட்டிப் போனேன், பக்கத்து இருக்கையில் பாபா. காவடி பார்க்க வேண்டும், பிரியாணி சாப்பிட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. கோவில் வாசலில் ஊனமுற்றோருக்கான இடத்தில் ஒரு பக்கி (சின்ன பிக்கப் வண்டி) நின்றது, பின்னால் முழுக்க வாழைத்தார். "இரண்டே நிமிஷம், அங்கிள்!" என்று ஒரு தம்பி கத்தினான்.

அவன் வந்து எடுக்கும் வரை நான் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. பாபா ஜன்னலை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார்.