ஆர்க்கரூலாவில் ஒரு நாள்

ஆர்க்கரூலா லாட்ஜ்ல சமையல்கட்டு வேலை விடியுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு நகரத்துக்கு வடக்கே 600 கிலோமீட்டருக்கு மேல, ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரோட கோடி. மழை பெஞ்சா மண் ரோட்டை மூடிடுவாங்க, காய்கறி வண்டி வராது. வெங்காயமும் மாவும் எப்பவும் கூடுதலா இருக்கணும்.

சாயங்காலம் மஞ்சள்கால் பாறை வாலபி இறங்கி வரும், கங்காரு மாதிரியே சின்னதா ஒரு விலங்கு. வால் முழுக்க வளையம் வளையமா பட்டை. செங்குத்துப் பாறையில தாவினாலும் கால் சறுக்காது. என்ன அழகு! ஒரு காலத்துல தோலுக்காக இதைச் சுட்டுத் தள்ளினாங்க.

1968ல ரெக் ஸ்பிரிக்ங்கிற நிலவியலாளர் இந்த ஆட்டுப் பண்ணையை வாங்கி சரணாலயமா மாத்தினார். மலைக்கடியில யுரேனியம் இருக்கு. 2012ல தனிச் சட்டம் போட்டு சுரங்கத்தைத் தடுத்தாங்க. இந்த மலையைப் பாக்கிறப்பல்லாம் அந்தச் சட்டத்துக்கு மனசார நன்றி சொல்லிக்கிறேன்.

வர்றவங்க டேங்கை நிரப்பிட்டு வாங்க, வழியில பங்க் ரொம்பக் கம்மி.