கென்யிர் ஏரிப் பயணம்: டேங்குக்குள் ஒளிந்திருந்த 800 மில்லி

என் மோட்டார் சைக்கிளின் கையேடு சொன்ன ரிசர்வ், அதாவது டேங்கின் கடைசி இருப்பு, 3 லிட்டர் பெட்ரோல். வண்டி கொடுத்தது 2.1. இந்த வித்தியாசத்தை நான் கண்டுகொண்டது ஜொகூரில் கோத்தா திங்கிக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில், நண்பகல் வெயிலில் வண்டியைத் தள்ளியபோது.

ரிசர்வுக்குத் திருப்பிய பிறகு 54 கிலோமீட்டர் ஓடும் என்பது என் மனக்கணக்கு. மூன்று லிட்டர், லிட்டருக்கு 18 கிலோமீட்டர். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது? 38ஆவது கிலோமீட்டரில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. சின்ன வண்டியில் வந்த மலாய்ப் பையன் ஒருவன், கேட்காமலே பின்னால் வந்து என் வண்டியின் பின் கால்மிதியில் தன் காலை வைத்து உந்தி, நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே பெட்ரோல் நிலையத்தில் சேர்த்தான். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு தே ஓ ஐஸ் மட்டும் குடித்துவிட்டுப் போனான். அந்த நிலையத்தில் ஒரே ஒரு பம்பில்தான் ரான் 97 ரகப் பெட்ரோல் இருந்தது. அதைப் பார்த்த கணத்தில்தான் ஜூன் மாதக் கென்யிர் ஏரிப் பயணத்தின் மொத்தத் திட்டமும் கண்முன் ஆட்டம் கண்டது.

சிங்கப்பூர் எண் பலகை போட்ட வண்டிக்கு மலேசியாவில் ரான் 95 நிரப்பக்கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. நெடுஞ்சாலையில் அது ஒரு தொல்லையே அல்ல. சிற்றூர் நிலையங்களில் 95உம் டீசலும் மட்டுமே இருக்கக்கூடும் என்பதுதான் தொல்லை. கிளந்தான் மாநிலத்தின் உட்பகுதிக்குப் போகிறவன் வரைபடத்தில் தெரியும் பெட்ரோல் நிலையங்களை எல்லாம் எண்ணிக்கொண்டு போனால் ஏமாந்துதான் போவான்.

ஏரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திரெங்கானு மாநிலத்தில், 1985இல் கட்டி முடித்த அணையால் உண்டான நீர்த்தேக்கம் கென்யிர். நீர்ப்பரப்பு ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர், நம் சிங்கப்பூர்த் தீவில் பாதி. காட்டுக் குன்றுகள் மூழ்கி, உச்சிகள் மட்டும் 340 தீவுகளாக மிதக்கின்றன. தண்ணீருக்கு மேல் பட்டுப்போன மரங்கள் இன்றும் நிற்கின்றன. 'ஏரியைச் சுற்றி ஒரு பயணம்' என்று நான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வரைபடத்தை விரித்த அன்றுதான் உறைத்தது: சுற்ற முடியாது. வடக்குப் பக்கம் மட்டும் 185ஆம் எண் கூட்டரசுச் சாலை ஏரியை ஒட்டிப் போகிறது. தெற்கே தாமான் நெகாரா தேசியப் பூங்காக் காடு, 4,343 சதுர கிலோமீட்டர், குறுக்கே சாலையே இல்லை. ஏரியைச் சுற்ற வேண்டுமானால் காட்டையும் சேர்த்துத்தான் சுற்ற வேண்டும்.

ஆகவே வட்டம் பெரிதானது. உட்லண்ட்ஸ், மெர்சிங், குவாந்தான், கோலா திரெங்கானு, கோலா பெராங், ஏரிச் சாலை, குவா மூசாங், ரவுப், பெந்தோங், வீடு. சுமார் 1,300 கிலோமீட்டர், நான்கு நாள். கிழக்கிலிருந்து நுழைவதற்குக் காரணம் உண்டு. காலையில் மேற்கு நோக்கி ஓட்டினால் வெயில் முதுகில் விழும். எதிரில் மலையும் தண்ணீரும் பளிச்சென்று தெரியும். மறுபுறமாகப் போனால் காலை முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். ஜூனைத் தேர்ந்ததும் வெறும் பள்ளி விடுமுறைக்காக அல்ல. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கரை எப்படி மிதக்கும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது பெட்ரோல். கடைசியாக நம்பி நிரப்பக்கூடிய இடம் கோலா திரெங்கானு. அங்கிருந்து கோலா பெராங் 40 கிலோமீட்டர். அதற்கு மேல் குவா மூசாங் வரை 200 என்று வைத்துக்கொண்டேன். இடையில் படகுத்துறை இருக்கும் பெங்காலான் காவிக்கு உள்ளே போய் வர 30. மொத்தம் 270. வழியில் ஏதாவது கிடைத்தால் அது அதிர்ஷ்டம், கணக்கில் சேராது.

டேங்க் கொள்ளளவு 18 லிட்டர். நெடுஞ்சாலையில் 110இல் ஓட்டினால் இந்த 400 சிசி நான்கு சிலிண்டர் கிழவி லிட்டருக்கு 17தான் கொடுக்கிறாள். மூட்டை கட்டினாலும் மலை ஏறினாலும் அதைவிடக் கெடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு 17ஐயே பிடித்துக்கொண்டேன். 18ஐ 17ஆல் பெருக்கினால் 306. போதும் என்று தோன்றும். ஆனால் அந்த 18இல் எவ்வளவு உண்மையில் எஞ்சினுக்குப் போகிறது? செம்பனைத் தோட்டத்தில் எழுந்த கேள்வி அதுதான். விடை தெரியாமல் தூக்கம் வரவில்லை.

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் எனக்குப் பழக்கமான பட்டறை ஒன்று இருக்கிறது. நடத்துபவர் எழுபதை நெருங்கும் சீனப் பெரியவர். மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் எங்கள் உரையாடல். டேங்கை முட்ட முட்ட நிரப்பிக் கொண்டுபோய், முழுவதையும் வடித்து அளக்க வேண்டும் என்றேன். "தீர்ந்தால் ஊற்று, எதற்கு அளக்கிறாய்?" என்றார். காட்டு வழியைச் சொன்னேன். யானை இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றதும் அளவுக் குவளையை எடுத்து வந்துவிட்டார்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தினோம். என்னுடையது பழைய கார்ப்பரேட்டர் வண்டி. டேங்கின் அடியில் இடப்பக்கம் கையால் திருப்பும் சாதாரண பெட்ரோல் டேப். உள்ளே ஒரு குழல் தரையிலிருந்து சற்று உயரமாக நிற்கும், 'ஆன்' நிலையில் அதன் வழியே போகும். 'ரிசர்வ்' நிலையில் அடியில் இருக்கும் துளை திறக்கும். ஆன் நிலையில் வடிந்தது 15.1 லிட்டர். ரிசர்வில் 2.1 வந்து, நூலாக மெலிந்து, சொட்டி, நின்றுவிட்டது. கூட்டினால் 17.2. மீதி 800 மில்லி எங்கே?

பெரியவர் டேங்கின் வலப்பக்கத்தில் விரலை மடக்கித் தட்டினார். காதை வைத்துக் கேட்டேன். அவர் வண்டியை லேசாக அசைக்க, உள்ளே 'குளக்' என்றது. டேங்க் குதிரைச் சேணம் மாதிரி சட்டத்தின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது அல்லவா? நடுவில் மேடு, இரு பக்கமும் பள்ளம். டேப் இருப்பது இடப்பள்ளத்தில். பெட்ரோல் மேட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு வலப்பள்ளத்தில் தங்கியது தாண்டி வர வழியே இல்லை. பதினோரு வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன். டேங்குக்குள் ஒரு தனிக்குளம் இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

டேப்பை மூடிவிட்டு, இருவரும் சேர்ந்து வண்டியை இடப்பக்கமாக நன்றாகச் சாய்த்தோம். 190 கிலோ. பத்து எண்ணும் வரை பிடித்துவிட்டு நிமிர்த்தித் திறந்தால் மேலும் அரை லிட்டர் வந்தது. டேப்பை மூடாமல் சாய்த்தால் கார்ப்பரேட்டர் வழிந்து காலை நனைக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி 300 மில்லிக்கு டேங்கையே கழற்றிக் கவிழ்க்க வேண்டியிருந்தது. அதோடு தேயிலைத் தூள் மாதிரி துருவும் விழுந்தது. 15.1, 2.1, 0.5, 0.3. கூட்டிப் பாருங்கள், சரியாக 18. கையேடு பொய் சொல்லவில்லை. எடுக்க முடியாததையும் சேர்த்து ரிசர்வ் என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வங்கிக் கணக்கில் எடுக்கக்கூடாத குறைந்தபட்சத் தொகையை இருப்பு என்று காட்டுகிற மாதிரி.

ஆக, நம்பக்கூடியது 17.2 லிட்டர், 292 கிலோமீட்டர். தேவை 270. இடைவெளி 22.

இந்த இடைவெளியில் எனக்குத் திருப்தி இல்லை. சாலை சும்மா இருந்தால்தான் 270. மண் சரிந்தோ மரம் விழுந்தோ மறித்தால்? திரும்ப வேண்டும். 292இல் பாதி 146. அந்தத் தூரத்தைத் தாண்டிவிட்டால் கோலா திரெங்கானுவுக்குத் திரும்ப பெட்ரோல் இருக்காது, முன்னால் மட்டும்தான் போக முடியும். எனவே டேங்கின் மேல் வெள்ளைக் காகித ஒட்டுநாடா ஒட்டி மூன்று எண்களை எழுதியிருக்கிறேன்: 140, 255, 290. முதலாவது, யோசித்து முடிவெடுக்கும் இடம். இரண்டாவது, ரிசர்வுக்குத் திருப்பும் இடம். மூன்றாவது, வண்டியைச் சாய்க்கும் இடம். இந்த மூன்றை எழுத இரண்டு வார இறுதிகள் போயின என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தனியாகக் குப்பியில் பெட்ரோல் சுமக்கும் யோசனை பலர் சொன்னது. வெயிலில் பைக்குள் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

எரிச்சலூட்டும் உண்மை ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மெர்சிங் சாலையில் 80ஐத் தாண்டாமல் ஓட்டிப் பார்த்தபோது லிட்டருக்கு 20.6 கிடைத்தது. அந்த வேகத்தில் போனால் 350 கிலோமீட்டர் தாராளமாக ஓடும். ஏரிச் சாலையில் 80க்கு மேல் போக எனக்கும் ஆசையில்லை. யானைகள் சாலையைக் கடக்கும் பகுதி அது. விலங்குகள் அடியில் கடந்து போக உயரமான பாலங்கள்கூடக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பாலத்துக்கு அடியில்தான் போக வேண்டும் என்று யானையிடம் யார் சொல்வது? காலை 8 மணிக்குப் புறப்பட்டு, அந்தி சாய்வதற்கு வெகுமுன்னே குவா மூசாங்கில் இருக்க வேண்டும் என்பது மாற்ற முடியாத விதி.

கூட வருவது மைத்துனன். 2பி உரிமம் (200 சிசி வரைக்கும்தான்), 200 சிசி வண்டி, 12 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 35. அதாவது 420 கிலோமீட்டர், ஒரு கவலையும் இல்லாமல். "அத்தான், வழியில் தேவைப்பட்டால் சொல்லுங்கள், என் டேங்கிலிருந்து குழாய் போட்டுத் தருகிறேன்" என்கிறான். பெரிய உரிமம் எடுக்கச் சொல்லி மூன்று வருடமாக அவனை நச்சரித்தவன் நான்தான். அவனுடைய முழுக் கவனமும் திரும்பும் வழியில் ரவுப்பில் கிடைக்கும் மூசாங் கிங் டுரியான்மேல் இருக்கிறது. ஏரி அவனுக்கு டுரியானுக்குப் போகும் வழி.

பின்புறச் சாமான் தாங்கி பற்றிப் பேசவே கோபம் வருகிறது. இணையத்தில் ஒரு கடையில் வாங்கினேன். படத்தில் 8 மில்லிமீட்டர் போல்ட், பெட்டிக்குள் 6. துளைக்குள் போல்ட் குழந்தைக்கு அப்பாவின் செருப்பு மாதிரி ஆடுகிறது. விற்றவர் மூன்று நாளாக "சரிபார்க்கிறோம்" என்று மட்டும் பதில் அனுப்புகிறார். சிங்கப்பூரின் கிளந்தான் சாலையில் ஒரு வன்பொருள் கடையில் நல்ல துருப்பிடிக்காத போல்ட்டுகளைச் சில்லறையாகவே எடுத்துவிட்டேன். முதலிலேயே அங்கே போயிருக்கலாம்.

அடுத்த ஆண்டு இந்தோனேசியாவின் தோபா ஏரி. இப்போதே சொல்லிவிடுகிறேன், யாராவது சேர்ந்துகொள்வதானால் சேர்ந்துகொள்ளுங்கள். சொந்த வண்டி வேண்டாம், மேடானுக்கு விமானம், அங்கே வாடகை ஸ்கூட்டர். ஏரி 100 கிலோமீட்டர் நீளம், நடுவில் சாமோசிர் தீவு, தீவைச் சுற்றிச் சாலை. அங்கே 'சுற்றி' என்று சொன்னால் நிஜமாகவே சுற்றி. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய்க்குள் ஸ்கூட்டர் ஓட்டுவதை நினைத்தாலே உள்ளங்கை அரிக்கிறது. வாடகை ஸ்கூட்டரின் டேங்கை அளக்க விடமாட்டேன் என்று மனைவி இப்போதே எச்சரித்துவிட்டாள்.

அதற்கு முன் கென்யிர் முடிய வேண்டும். துரு விழுந்ததால் டேங்கைக் கழுவி, டேப்பின் வலைவடியை மாற்றி, நேற்று மாலை எல்லாவற்றையும் பூட்டினோம். பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போட்டது என் பிடிவாதம். பெரியவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். வண்டி இன்னும் பட்டறையிலேயே நிற்கிறது. இன்று காலை ஒரு படம் அனுப்பியிருக்கிறார்: வண்டிக்கு அடியில் விரித்த சீன நாளிதழ், நடுவில் ஒரு வெள்ளிக் காசு அளவுக்கு ஈர வட்டம். கூடவே ஒரு வரி: நாற்பது விநாடிக்கு ஒரு சொட்டு, நீயே வந்து அளந்துகொள்.

ஜூனுக்கு இன்னும் ஏழு வாரம். சனிக்கிழமை புது வளையத்தோடு போகிறேன்.