பூவேலைக் குறும்படத்திற்காகப் பார்த்த படங்கள்

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் சிறிய குழு, துணியில் ஊசியால் பூத்தைக்கும் பூவேலை பற்றிய குறும்படமொன்றை எடுக்கத் தீர்மானித்தபோது, முன்னாய்வு என் பொறுப்பாயிற்று. கைவினை ஆவணப்படங்களைத் தேடாமல், நிழற்படக் கலைஞர்களாக இருந்து திரைப்படத்துக்கு வந்தவர்களையே முதலில் பார்த்தேன். ஆரையம்பதியில் நாங்கள் சந்தித்த பெண்கள் வளையத்தில் இறுக்கிய துணியை மடியில் வைத்து மணிக்கணக்காகத் தைப்பவர்கள்; விரல்களைத் தவிர வேறெதுவும் பெரிதாக அசைவதில்லை. அத்தகைய வேலையைச் சலிக்காமல் பார்க்க, அசையாத படத்தில் பழகிய கண் வேண்டும் என்று எண்ணினேன்.

ஆனியஸ் வர்தா பாரிஸில் நாடக நிழற்படக் கலைஞராக இருந்தவர். செத் நகரின் மீனவர் குடியிருப்பில் அவர் எடுத்து 1955இல் வெளிவந்த முதற்படம் எனக்குப் பிடித்திருந்தது. ஆயினும் எங்கள் வேலைக்கு அதிகம் உதவியது பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த 'லா ஜெட்டே'தான். ஏறத்தாழ 28 நிமிடங்கள் ஓடும் அப்படம், ஒரு பெண் கண் திறக்கும் சிறு கணத்தைத் தவிர, முழுக்க நிழற்படங்களால் ஆனது. இரண்டு படங்களுக்கு இடையில் நடந்ததை நம் மனமே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சங்கிலித் தையலிலும் ஊசி துணிக்கு அடியில் போய் வருவதை நாம் காண்பதில்லை; ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு அடுத்த கண்ணி மேலே தோன்றுவதையே காண்கிறோம். ஆகவே பூ வளர்வதை நிழற்படங்களாக அடுக்கி, இறுகிய துணியில் நூல் உரசும் ஓசையை மட்டும் இடையறாமல் ஓட விடுவதெனத் தீர்மானித்தோம். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் கடைசிப் படம், நிழற்படங்களுக்குக் கணினி வழியாக அசைவூட்டுகிறது. அழகானதுதான், ஆனால் எங்களுக்கு வேண்டியது விரல்களில் ஏற்கெனவே இருக்கும் அசைவு.

ஒளி பற்றியும் பேச வேண்டியிருந்தது. இங்கு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 சட்டகங்கள், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வைத்தால் குழல்விளக்கின் துடிப்பு பதிவாகாது. எனினும் குழல்விளக்கொளி மேலிருந்து விழும்போது நூலின் மேடு தட்டையாகிவிடுகிறது. யன்னலோரத்துச் சாய்ந்த ஒளியில்தான் இழைகளின் திரட்சி தெரிகிறது. அதனால் காலை வேளைகளில் மட்டும் கமெராவை எடுத்தோம்.

நம் நாட்டு உதாரணம் இறுதியில்தான் நினைவுக்கு வந்தது. இலங்கை பற்றிய 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படம் அது; கொழும்பின் நிழற்படக் கலைஞர் லயனல் வென்ட் தாமே இயக்கியதல்ல, ஆங்கிலேய இயக்குநர் பசில் ரைட் 1934இல் முடித்தது. ஆனால் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸின் 17ஆம் நூற்றாண்டு உரைநடையை அதில் வாசித்த குரல் வென்டினுடையது. அதன் மூன்றாம் பகுதியில், உழைப்போரின் காட்சிகள்மீது வணிகக் குரல்கள் விலைகளைச் சொல்லிச் செல்கின்றன. தேயிலை விளம்பரத்துக்கென ஏற்பாடான படத்தில் இதற்கு இடமிருந்தது வியப்பே.

அந்த உத்தியை நாங்களும் எடுத்துக்கொண்டோம். தைக்கும் கைகளின் மேல், தொலைபேசியில் வாங்குவோர் தரும் கட்டளைகளும் பேரம் பேசும் குரல்களும் ஒலிக்கும். இதைக் கேட்ட ஒரு அக்கா, "எங்களுக்குக் கிடைக்கிற கூலியையும் சொல்லுங்க தம்பி, சாமான் விலையை மட்டும் சொல்லாதீங்க" என்றார். கூலியையும் சேர்த்துவிட்டோம். அக்குரல்களின் ஒலியளவைக் குறைக்க வேண்டுமென்று எங்கள் இயக்குநர் இப்போதும் சொல்கிறார்; எனக்கு அதில் உடன்பாடில்லை.