வெள்ளையனின் காதில் ஒரு வட்டம்

ஹட்டனில் விடாத மழை. எங்கள் பூனை வெள்ளையனின் காதோரம் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு முடி கொட்டி, ஓரமெல்லாம் சாம்பல் மாதிரிச் செதில். "சண்டை போட்ட காயம்தான், மண்ணெண்ணெய் பூசு" என்றார் பக்கத்து லயத்து மாமா. பூசியிருந்தால் நக்கியே செத்திருப்பான்!

அப்புறம் மகளின் முழங்கையிலும் அதே சிவப்பு வட்டம். படர்தாமரை. மிருக வைத்தியர் ஊதா விளக்கைப் பிடித்தார். முடி பச்சையாக மின்னியது. மின்னாவிட்டாலும் நோய் இல்லையென்று சொல்ல முடியாதாம். உறுதிப்படுத்த நாலு முடியைப் பிடுங்கிப் பரிசோதனைக்கும் வைத்துக்கொண்டார். வாரம் 2 முறை மருந்துக் குளியல், வாய்வழியே இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து. மகளுக்குக் களிம்பு.

உதிர்ந்த முடியில் பூஞ்சை வித்து மாதக்கணக்கில் உயிரோடிருக்குமாம். கம்பளியெல்லாம் துவைத்தாயிற்று. இந்த மழையில் எங்கே காயப்போடுவது? அடுப்படிக் கொடியில் தொங்குகிறது. அதன்மேல் ஏறிப் படுக்கப் பார்க்கிறான் வெள்ளையன்.