ஒன்பது மில்லிமீட்டரில் செங்கோட்டை மலைப்பாதை

செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையை (இரு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்) மாதிரி ரயிலாக மாடியறைக்குள் கொண்டுவருவது என்று முடிவானதும் முதலில் இடித்தது அளவுதான். உலகத்தில் அதிகம் பேர் கட்டுவது எச்.ஓ. ஸ்கேல், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. அதில் மீட்டர் கேஜ் வேண்டுமென்றால் 12 மில்லிமீட்டர் பாதை வாங்க வேண்டும். சுவிஸ் மலை ரயில் செய்பவர்களுக்காக அது கிடைக்கத்தான் செய்கிறது. விலையைப் பார்த்ததும் அந்த யோசனையைக் கைவிட்டேன். எளிதில் கிடைப்பது, எச்.ஓ.வைவிடச் சிறிய ‘என்’ ஸ்கேலுக்கான 9 மில்லிமீட்டர் பாதை. 1000ஐ 9ஆல் வகுத்தால் 111 வருகிறது. சரி, பாதை அதுவே இருக்கட்டும், மற்றதையெல்லாம் 110இல் ஒரு பங்காகச் செய்துகொள்வோம் என்று இறங்கினேன்.

இதில் எதிர்பாராத ஒரு வசதி. மீட்டர் கேஜில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் மரக்கட்டையின், அதாவது ஸ்லீப்பரின், நீளம் 1.8 மீட்டர், 110ஆல் வகுத்தால் 16 மில்லிமீட்டர் சொச்சம். கடையில் வரும் ‘என்’ பாதையின் ஸ்லீப்பர் நீளமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அவை சீப்புப் பல் மாதிரி நெருங்கி இருக்கும். நம் அளவுக்குக் கட்டைக்குக் கட்டை 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும். அதனால் பாதையைக் கவிழ்த்துப் போட்டு, கட்டைகளை இணைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழையை பிளேடால் வெட்டி, ஒவ்வொரு கட்டையையும் விரலால் நகர்த்தினேன். இடைவெளிக்கு ஐஸ் குச்சியைச் செதுக்கி ஒரு அளவுகோல். ஒரு மீட்டர் பாதைக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது. வளைவில் இன்னும் மெதுவாகத்தான் போக முடியும், உள்பக்கத் தண்டவாளம் நழுவிக்கொண்டே இருக்கும். ஆனாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. கட்டை அகன்றவுடன்தான் அது நம் ஊர்ப் பாதையாகத் தெரிந்தது.

ஜல்லிக்கு எம்-சாண்ட். நிஜ ஜல்லி 50 மில்லிமீட்டர் என்றால் நமக்கு அரை மில்லிமீட்டர்கூடத் தேவையில்லை. டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுந்ததை மறுபடி மெல்லிய துணியில் சலித்துத் தூசியை நீக்கினால் சரியான பருமன் கிடைக்கிறது. தூரிகையால் பரப்பியதும் பசையை ஊற்றிவிடாதீர்கள். முதலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து ஈரமாக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு மணலை இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர், சொட்டு சொட்டாக. வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ் நகரும் இடத்தில் மட்டும் மணலும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தில் ஒரு கண்ணைக்கூடக் குறைக்கவில்லை. ஃபோம் போர்டு, வளைவுக்கு பிவிசி பைப் துண்டு, மேலே கருங்கல் வரி கீறிய பிளாஸ்டர் பூச்சு. மலைக்குத் தெர்மோகோல், அதன்மேல் மருந்துக்கடை காஸ் துணியைப் பாரிஸ் சாந்தில் தோய்த்துப் போர்த்தியது. மரங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் பாதி மலை மொட்டையாகத்தான் நிற்கிறது.

எஞ்சின் ஒய்.டி.எம்.4, மீட்டர் கேஜ் டீசல். உடலை முப்பரிமாண அச்சில் எடுத்து, ‘என்’ ஸ்கேலில் வரும் ஆறு அச்சு அமெரிக்க டீசலின் அடிச்சட்டத்தின்மேல் உட்காரவைத்தேன். கட்டுப்பாட்டுக்கு ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகையில், ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக ஓட்டவைக்கும் டிசிசி-இஎக்ஸ் மென்பொருள், கையில் போன். மலை ஏறும்போது பின்னால் தள்ள இன்னொரு எஞ்சின் வேண்டும், அதுதான் இந்தப் பாதையின் அழகே. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் போதும் என்றுதான் நினைப்போம். ஆனால் பின்னது துளி வேகம் கூடினாலும் வளைவில் நடுப்பெட்டி எகிறிக் கவிழ்கிறது. எஞ்சினுக்குள் கட்டளையை வாங்கும் டிகோடரில், வேகத்தைத் தீர்மானிக்கும் சி.வி. 2, 5, 6 என்ற மூன்று அமைப்புகளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பின் எஞ்சினை முன்னதைவிட ஒரு நூல் மெதுவாக வைத்தேன். இப்போது முன்னது இழுக்க, பின்னது சுமையில் ஒரு பங்கை மட்டும் தாங்கிக்கொண்டு வருகிறது. வேகம் என்றால் நிஜத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர். நம் பலகையில் ஒரு மீட்டரைக் கடக்க 13 விநாடி. அவ்வளவு மெதுவாகத் தடங்கலில்லாமல் ஓட, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி ஒயர் பற்றவைக்க வேண்டியிருந்தது. இணைப்புத் தகட்டை நம்பினால் சென்னை ஈரக்காற்றில் சீக்கிரமே கரண்ட் வராது.

இதுவரைக்கும் பொம்மைதான். இதை ரயில்வே ஆக்கியவர் என் மாமா. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து பார்த்தார், பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “என்ன மாப்ளே, லைன் கிளியர் வாங்காமலே வண்டிய எடுக்கிறே?” என்றார்.

ஒற்றைப் பாதையில் எதிர்ஸ்டேஷன் சம்மதம் தந்து (அதுதான் லைன் கிளியர்), அதற்கு அடையாளமான டோக்கன் குண்டு ஸ்டேஷன் கருவியிலிருந்து வெளியே வந்து, டிரைவர் கைக்குப் போனால்தான் வண்டி நகரும். நான் கோலிக்குண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே குண்டு என்றால், அது முதல் வண்டியோடு அடுத்த ஸ்டேஷனான ஆரியங்காவு போய் உட்கார்ந்துவிடும். பின்னாலேயே இன்னொரு வண்டியை அதே திசையில் விட முடியாது. நிஜக் கருவியில் இரு முனையிலும் பல குண்டுகள் இருக்கும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வரும். அதையே செய்தோம். இரு முனையிலும் ஒரு டப்பா, உள்ளே பூட்டைத் திருப்ப சர்வோ என்ற சின்ன மோட்டார். ஒரு குண்டு வெளியேறியதும் இரண்டும் பூட்டிக்கொள்ளும். எந்த டப்பாவில் குண்டு விழுந்தாலும் பூட்டு விடும்.

ஆரியங்காவுக்கு முந்தைய ஸ்டேஷனான பகவதிபுரத்தில் நிஜத்தில் எத்தனை லைன் இருந்தாலும், எனக்கு இடம் இருந்தது மெயின் லைனுக்கும், வண்டியை ஒதுக்கி நிறுத்தும் ஒரு லூப் லைனுக்கும்தான். எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று தாண்டும் கிராசிங் அங்கேதான். நான் எடுத்துக்கொண்ட காலம் தொண்ணூறுகள், எழும்பூரிலிருந்து கொல்லம் மெயில் இந்த வழியே போன காலம். மீட்டர் கேஜ் ஓட்டம் 2010இல் நின்று, 2018இல் அகலப்பாதை திறந்ததெல்லாம் இந்தப் பலகைக்கு இன்னும் வரவில்லை. மேலே வரும் பாசஞ்சரை லூப்பில் ஒதுக்கி, மெயிலுக்காகக் காத்திருக்கவைக்கிறோம். கடிகாரம் நான்கு மடங்கு வேகம், பதினைந்து நிமிடம் ஒரு மணி நேரம். மெயில் தாமதமானால் பாசஞ்சர் அப்படியே நிற்க வேண்டியதுதான். கைகாட்டி இறங்கும்வரை போனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வட்டமாகச் சுற்றவிட்ட நாட்களில் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். இப்படி நிறுத்தி நிறுத்தி விட்டால் சாப்பாட்டு நேரம் தாண்டுவது தெரிவதில்லை.

அடுத்து டைம் டேபிளில் ஒரு குட்ஸ் வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருக்கிறார். லூப்பில் இரண்டு எஞ்சினோடு ஐந்து வேகனுக்கு மேல் நிற்காது. நீட்ட வேண்டுமென்றால் குகை வாயை இடிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கச் சுவரிலிருக்கும் புத்தக அலமாரி நகர வேண்டும். அதற்கு வீட்டில் இன்னும் லைன் கிளியர் கிடைக்கவில்லை.