முப்பது நிமிடத்துக்குள்: ஓட்ட நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்
5 கிலோமீட்டர், 31 நிமிடம் 40 நொடி. ‘முடிந்தவரை ஓடுவோம்’ என்றுதான் கிளம்பினேன். எவ்வளவு வசதியான சொல்! மூச்சு கொஞ்சம் இரைத்ததும், முடிந்தது இவ்வளவுதான் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்
மார்கோரா, ஸ்டையானோ என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட சோதனையைப் படித்தேன். ரக்பி வீரர்களை உடற்பயிற்சி சைக்கிளில் ஏற்றி, சராசரியாக 242 வாட் திறனில், இனி முடியாது என்று நிறுத்தும்வரை மிதிக்க வைத்தார்கள். சுமார் 10 நிமிடத்தில் ஓய்ந்துபோனார்கள். நிறுத்திய கையோடு, 5 நொடி மட்டும் முழு மூச்சாக மிதிக்கச் சொன்னபோது வந்தது 731 வாட்! களைப்பும் பொய்யில்லை, தொடங்கும் முன் அதே கால்கள் 1,000 வாட்டைத் தாண்டியிருந்தன. ஆனாலும் 242 வாட்டுக்கு வக்கில்லாத கால்களுக்கு 731 எங்கிருந்து வந்தது? பாடு தாங்காமல் மனம்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறது என்கிறார் மார்கோரா. எனக்கு உறைத்தது அந்த 5 நொடி. கரை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் நீந்தலாம்.

மார்ச் 8, சனி
பேராசை. 27 நிமிடம் என்று குறித்துக்கொண்டேன். 2 கிலோமீட்டரில் 11:05. 10:48 ஆகியிருக்க வேண்டும். 17 நொடி பாக்கி என்று கணக்குப் போட்ட கணமே கால் துவண்டது. மீதியை நடந்தே முடித்தேன். உளவியலாளர் ஜாக் பிரேம் சொன்னது இதைத்தான்: வேலை கடினமாக ஆக முயற்சியும் ஏறும், எட்டாது, அல்லது இவ்வளவு பாடுபடத் தகாது என்று தோன்றிவிட்டால் மளமளவென்று சரியும்.

மார்ச் 12, புதன்
மழை. ஓடவில்லை. ஏறக்குறைய 1 கோடி மாரத்தான் முடிவுகளை அலசிய ஆய்வு ஒன்றில், 3 மணி, 4 மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் ஓட்டக்காரர்கள் குவிந்திருக்கிறார்களாம். 3:59க்கும் 4:01க்கும் நுரையீரலுக்கு என்ன வேறுபாடு தெரியும்? நானும் 30ஐத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறேன்!

மார்ச் 15, சனி
4 கிலோமீட்டரில் 24:10. பத்து நொடி கடன். எவ்வளவு பாடுபடுகிறோம் என்று நாமே எண்ணால் சொல்லும் போர்க் (Borg) அளவுகோலில் 6 முதல் 20 வரை எண்கள். அப்போதே 17 என்று சொல்லியிருப்பேன். அடுத்த விளக்குக் கம்பம்வரை, பிறகு அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். கடைசி வளைவில் வாயில் இரும்புச் சுவை. 29:57.

தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ‘இப்போது 5 நொடி ஓடு’ என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் அந்தப் புட்டியாலேயே அடித்திருப்பேன்.